முப்பத்தோராம் நம்பர் வீடு

ஒச்சாயி கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள்.

"வேற வீடு பாத்துக்க தாயி."

ஸ்வர்ணா டேப்லெட்டை மடியில் வைத்தபடி விழித்தாள். மதுரையிலும் பிரேசிலிலும் உள்ள இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வு அது. ஏழை பணக்காரர் இடைவெளி எதனால் குறைகிறது என்று இரு நாட்டிலும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். நான்கு வருடமாகத் திருவாதவூரில் வீடு வீடாகப் போய்க் கேட்பது ஸ்வர்ணாவின் வேலை.

இருபது நிமிடப் படிவத்துக்கு இந்த வீட்டில் மட்டும், பேசிப் பேசியே ஒன்றரை மணி நேரம் ஆகும். அம்மா இறந்தபின் திருப்பரங்குன்றத்து வீட்டில் தாய்மொழியான சௌராஷ்டிரம் பேசக்கூட அவளுக்கு ஆளில்லை. சம்மதக் கைநாட்டு இல்லையென்றால், இங்கே வரவும் காரணமில்லை.

"நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனாக்கா?"

"பேச்செல்லாம் சக்கரையாத்தான் இனிக்குது. எத்தன சட்டி, எத்தன சேலைன்னு எண்ணிட்ட. எம்புட்டு அழுதேன்னுகூட எழுதிட்ட. நாலு வருசத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சியா?"

ஸ்வர்ணா டேப்லெட்டைக் கீழே வைத்தாள்.

"உங்க ஆளுக நம்ம வீட்டுல குடிக்க மாட்டாகன்னு நானும் செம்பை நீட்டுறத விட்டுட்டேன்."

"ஐயோ, சாதியெல்லாம் இல்லக்கா! விதி. யார் வீட்டுலயும் எதுவும் வாங்கக் கூடாது. வாங்கினா அந்த வீட்டையே ஆய்வுலருந்து எடுத்துருவாங்க."

"தண்ணிக்குமா? எந்த மகராசன் எழுதுனது?"

ஆய்வு தொடங்குமுன் நடந்த வீடியோ கூட்டத்தில் இரு நாட்டுப் பேராசிரியர்களும் அந்த விதிக்குத் தலையாட்டியிருந்தார்கள். இந்த ஊரில் தண்ணீரை மறுத்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவள் அங்கே ஸ்வர்ணா ஒருத்திதான். மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன்க்கா. வாயத் தொறக்கல."

ஒச்சாயி மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சரி விடு. விதின்னா விதி. எங்க வைக்கணும்?"

ஸ்வர்ணா மைப்பெட்டியை மூடினாள்.

"தண்ணி குடுங்கக்கா."

"வீட்ட எடுத்துருவாகன்னியே?"

"ஆமா."

செம்பு வந்தது. அண்ணாந்து குடிக்காமல், வாய் வைத்தே குடித்தாள். பாதிச் செம்பு காலியானது.

"அப்ப இனி வரமாட்ட?"

"வேலையா வர முடியாதுக்கா."

"சும்மா வர்றதுக்கு எனக்கு யாரு இருக்கா?" என்று ஒச்சாயி செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. ஸ்வர்ணா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் ஏறி ஒச்சாயி வீட்டுப் பதிவை நீக்கப் போனபோது டேப்லெட் கேட்டது: முப்பத்தோராம் நம்பர் வீட்டை நீக்கக் காரணம்? குடிபெயர்வு, மரணம், மறுப்பு, பிற.

'பிற' என்பதைத் தொட்டாள். 'கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தேன். இந்த விதி தவறு. அடுத்த கூட்டத்தில் பேசுவேன்' என்று எழுதி அனுப்பினாள்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம திருவாதவூருக்கு பஸ் எத்தன மணிக்கு?"

கண்டக்டர் திரும்பினார். "லீவு நாள்ல அங்க என்னம்மா வேல?"

"வேல ஒண்ணுமில்லண்ணே."