இரண்டாம் மாடிக் கதவு சொன்ன பேச்சு கேட்ட விதம்

இரண்டாம் மாடி வீட்டின் கதவு ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாவிக்குத் திறப்பதை நிறுத்திவிட்டது. அங்கே குடியிருந்த ரயில் நிலைய அறிவிப்பாளரின் மனைவி “கதுவு” என்று சொன்னால் மட்டும் திறந்தது. அறிவிப்பாளர் “கதவு” என்று எவ்வளவு திருத்தமாகச் சொன்னாலும் மரம் மாதிரி நின்றது, மரம்தானே. பூட்டு ரிப்பேர்க்காரர் வந்து பூட்டையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், அப்போதும் கதவு அசையவில்லை. “பூட்டுல ஒரு கோளாறும் இல்ல சார், கதவுக்குத்தான் உங்க மேல ஏதோ கோவம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மதியத்துக்குள் அலமாரி “அமலாரி”க்கும், ஜன்னல் “ஜல்னல்”லுக்கும், ஃபிரிட்ஜ் “பிஜ்ரு”வுக்கும் மட்டும் திறப்பது என்று முடிவெடுத்துவிட்டன. இவையெல்லாம் அந்த அம்மாளின் வாயில் பிறந்த சொற்கள். அவர் குடும்பத்தில் வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

காரணம் மாடிப்படியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அறிவிப்பாளர் பத்தொன்பது வருடங்களாக மனைவியைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் குரல் அப்படி, உச்சரிப்பு அப்படி. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அவர் சொன்னால் வராத ரயில்கூட வந்துவிடும் போல இருக்கும். அந்தப் பெருமையை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். மனைவி ஸ்டூலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு “ஆம்லுன்ஸ கூப்பிடுங்க” என்று அலறியபோது, “ஆம்புலன்ஸ்” என்று இவர் இரண்டு தரம் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் காட்டிய பிறகுதான் போனை எடுத்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த விஷயத்தில் சரியான கிறுக்கு. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மனைவியின் தவறான சொற்களையெல்லாம் இடது பக்கமும் சரியான சொற்களை வலது பக்கமும் எழுதி, விருந்தாளிகள் இருக்கும்போதே ஃபிரிட்ஜில் ஒட்டினார். விருந்தாளிகள் சிரித்தார்கள். அந்த அம்மாளும் கூடச் சிரித்தார், பாத்திரங்களைக் கழுவி வைத்தார், செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பத்தொன்பது வருடமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீடு அவர் பக்கம் சேர்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அறிவிப்பாளர் எதற்கெடுத்தாலும் போன் போட வேண்டியிருந்தது. போனை ஸ்பீக்கரில் வைத்து ஃபிரிட்ஜின் நெற்றியில் அழுத்திக்கொண்டு நிற்பார், மறுமுனையில் மனைவி அலுப்போடு “பிஜ்ரு” என்பார், திறக்கும். அவர் தானே அப்படிச் சொல்லிப் பார்த்தார். ஃபிரிட்ஜ் கதவு இரண்டு விரற்கடை திறந்து, ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அப்புறம் அவருக்கு யோசனை வந்தது. மனைவியின் குரலை போனில் பதிவு செய்து, ரயில் நிலைய ஒலிப்பதிவு அறைக்கு எடுத்துப் போனார். அங்கேதான் மனுஷன் கெட்டார். கேட்கக் கேட்கக் கை அரித்தது. சத்தங்களை வெட்டி, இடம் மாற்றி ஒட்டி, மனைவியின் குரலிலேயே “கதவு”, “அலமாரி”, “ஜன்னல்” என்று சுத்தமாகச் செய்துவிட்டார். பழையதை அழித்தும்விட்டார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்குள்ளிருந்து அதைப் போட்டுக் காட்டினார். கதவு திறக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, “உன் குரல்தானே, ஏன் திறக்கல?” என்று கேட்டு, அந்தப் பதிவைப் போனிலேயே ஓடவிட்டார்.

“என் வாயையே வெட்டி ஒட்டிட்டீங்களா?”

“சின்னத் திருத்தம்தான்…”

போன் வைக்கப்பட்டது. பிறகு எடுக்கப்படவே இல்லை.

மூன்று நாள் உள்ளேயே கிடந்தார். தச்சர் கோடரியோடு வந்தார், கோடரியின் தலை கழன்று அவர் காலிலேயே விழுந்தது. எதிர்வீட்டு டீச்சர் கதவுக்கு அடியில் பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ரயில் நிலையத்தில் ஜலதோஷக்காரர் ஒருவர் அறிவிக்க, பாதிப் பயணிகள் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நான்காம் நாள் அந்த அம்மாள் வந்தார், அண்ணனோடும் ஒரு வேனோடும். சாமான்களை எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவது என்று திட்டம். மாடிப்படி முழுக்க ஆட்கள் நின்றார்கள்; வேலை இருப்பது போல நடிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

“வந்துட்டியா? கதவைத் திறக்கச் சொல்லேன்” என்றார் உள்ளேயிருந்து.

“சொல்றேன். திறந்ததும் என் துணிமணிய எடுத்துட்டுப் போயிடுவேன். அதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

“சீக்கிரம் சொல்லித் தொலைங்க மாப்ள, வேன் காத்துக்கிட்டு இருக்கு” என்றார் அண்ணன்.

உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மறுபடியும் செருமல். ரயில் தாமதத்துக்குக்கூட “வருந்துகிறோம்” என்றுதான் அவர் அறிவிப்பார். நாற்பத்தேழு வயதில் அந்த இன்னொரு சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“மனிம்பு” என்றார். “மனிம்பு கேட்டுக்கறேன். எனக்கு அது வராது. சின்ன வயசுலேர்ந்தே வராது. நீ போயிடாதே.”

மாடிப்படியே வாயைப் பிளந்தது. டீச்சருக்குத் திருத்தாமல் இருக்க முடியாமல் உதடு துடித்தது. தச்சர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் அந்த அம்மாளுக்கு வராது. அவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

“மனிம்பு.”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர், அழுகையோடு.

கதவு, யாரும் சொல்லாமலே, திறந்தது. அதோடு நிற்கவில்லை. அலமாரி, ஜன்னல், ஃபிரிட்ஜ், ஊறுகாய் பாட்டில், பற்பசை மூடி என்று அந்த வீட்டில் இருந்த எல்லாம் திறந்துகொண்டன. பிறகு கட்டடம் முழுவதும் அதேபோல ஆனது. மூன்றாம் மாடியில் சோப்பு நுரையோடு நின்ற ஆடிட்டர் நேருக்கு நேர் எல்லோரையும் பார்த்து வணக்கம் வைத்தார். வேன் காலியாகத் திரும்பிப் போனது.

அறிவிப்பாளர் இப்போதும் மாதத்துக்கு இரண்டு தரம் வாயை அடக்க முடியாமல் மனைவியைத் திருத்திவிடுகிறார், அப்புறம் மனிம்பு கேட்கிறார். குடியிருப்போர் கூடிப் பேசி ஒரே ஒரு கோரிக்கை மட்டும் வைத்தார்கள். அதன்படி மனிம்பு கேட்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மாடிப்படியில் நின்று கணீரென்று அறிவிக்கிறார். குளித்துக்கொண்டிருப்பவர்கள் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள்.