மார்ட்டன் ஏறிய படிகள்

சட்டைக் காலரை அயன் பண்ணிக்கொண்டிருந்த நிருஜாவின் விரலில் ஏதோ குத்தியது. திருப்பிப் பார்த்தாள். லோண்டரிக்காரர் ஊசியால் குத்திய சின்ன அடையாளத் துண்டு ஒன்று, டச்சு மொழியில் ஏதோ எழுதியிருக்க, உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் குப்பையில் போட மனம் வராமல் மேசையில் வைத்தாள்.

மார்ட்டனின் உடலுக்கு உடுத்த அவள் முதலில் கொடுத்தனுப்பியது அலுமாரியில் இருந்த பழைய சட்டையை. கழுத்துப் பொத்தான் பூட்ட முடியவில்லை, வேறு சட்டை இருக்கிறதா என்று மரணச் சடங்கு நிலையத்திலிருந்து போன் எடுத்தார்கள். அதனால்தான் ரொட்டர்டாமிலிருந்து மார்ட்டன் கொண்டுவந்த சூட்கேஸைத் திறந்து இதை எடுத்தாள். கட்டிய புருஷனின் கழுத்து பருத்தது அவளுக்குத் தெரியவில்லை. அங்கே சட்டை வெளுக்கிற ஆருக்கோ தெரிந்திருக்கிறது. இதைவிட வெட்கக்கேடு ஒரு பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

லீவில் வந்த மனிதர். ஆக்லாந்தின் வெஸ்ட்கேட்டில் புது வீடுகளுக்கென்று விட்டிருக்கும் பாய் அகலப் புல்தரையை வெட்டப் போனவர், மெஷினை நிறுத்திவிட்டு வேலியோடு சாய்ந்து உட்கார்ந்தார். பின்னேரம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் குலசிங்கம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நகரத்தின் மறுகோடி பாபகூராவிலிருந்து மழைக்குள் கார் ஓடிவந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"ஐயர் கதைச்சவர். கொள்ளி ஆர் வைக்கிறதெண்டு கேக்கிறார்."

"மஹதி இருக்கிறாள்தானே அண்ணா."

"அவள் மாட்டாளாம். நீ செய் எண்டு எங்கட பிருந்தனுக்குச் சொல்லிப்போட்டாள்."

"பொம்பிளைப் பிள்ளை எண்டு ஐயர் ஏதும் சொன்னவரே?"

"சீச்சீ. இஞ்ச எத்தினை பிள்ளையள் செய்யுதுகள் எண்டார். அவருக்கொண்டுமில்லை. இவள்தான்..." குலசிங்கம் குரலைத் தாழ்த்தினார். "நீ ஒருக்கா கதைச்சுப் பார். மச்சானுக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. அது நிக்கக்குள்ள என்ர பெடியன் வைக்கிறது வடிவில்லை."

வடிவு இருக்கட்டும். உயிரோடு இருந்தபோது மகளின் கையை ஆறுதலாகப் பிடித்திருக்க அந்த மனிதருக்குக் கொடுத்துவைக்கவில்லை. போகிற நேரமாவது அந்தக் கை வேண்டும். நிருஜாவுக்கு இன்று வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மஹதி கட்டிலில் கறுப்பு உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். அழுத அடையாளம் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளை. தாய் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும்.

"அப்பாவுக்கு நீதானம்மா செய்யவேணும்."

"ஏன்? அவருக்கு என்னைத் தெரியுமா?" என்றாள் மஹதி. "போன கிழமை என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். இரண்டாம் வருஷம் முடியப்போகிறது."

"அவருக்கு ஞாபகம் குறைஞ்சுபோச்சு. வேலை..."

"அதுதான். வேலை. நீங்கள்தானே சொல்வீர்கள்?" மகள் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். "சரி அம்மா. அவர் எங்களுக்காக நின்ற ஒரு தடவையைச் சொல்லுங்கள். ஒரேயொரு தடவை. நான் வந்து செய்கிறேன்."

நிருஜா வாயைத் திறந்தாள். சொல்ல ஒரு தடவை இருந்தது.

மவுண்ட் வெல்லிங்டனில் வாடகைக்கு இருந்த காலம் அது. மார்ட்டன் ஒல்லாந்தில், உத்ரெக்ட் நகரத்தில் கணக்காய்வுப் பையனாகத் தொடங்கியவர். பால்பண்ணை இயந்திரம் விற்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்து, இரண்டு வருஷத்துக்கென்று ஆக்லாந்துக் கிளைக்கு வந்து, நிருஜாவைக் கண்டு, இங்கேயே வேர் விட்டவர். மஹதிக்கு எட்டு வயதாக இருந்தபோது கம்பெனி சிங்கப்பூருக்குக் கூப்பிட்டது. ஆசியா முழுவதற்கும் நிதிப் பொறுப்பு. அன்றைக்கு அவர் டையைத் தளர்த்திக்கொண்டு சமையலறையில் வந்து நின்றார். மாட்டேன் என்று சொல்லப் போகிறேன், இங்கேயே ஒரு சின்னக் கம்பெனியில் கணக்குப் பார்த்தால் போதும், பின்னேரம் பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அவள் பிறகு கண்டதில்லை.

அவள்தான் விடவில்லை. இவ்வளவு தூரம் ஏறிவந்துபோட்டு ஆரும் இறங்குவினமோ என்று கேட்டாள். குடும்பமாகப் போவதென்றால், பிள்ளையின் பள்ளிக்கூடம், தன்னுடைய லாப் வேலை என்று நூறு காரணம் வைத்திருந்தாள். நீங்கள் போங்கோ, நான் பாத்துக்கொள்ளுவன் என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. திரைகடலோடித் திரவியம் தேடுவது எங்கள் சனத்துக்குப் புதிதா? அவளுடைய அப்பா சவூதியில் இருந்துதான் அவளை வளர்த்தார். தூர இருந்து உழைக்கிறவன்தான் நல்ல புருஷன் என்று அம்மா தினமும் சொல்லக் கேட்டவள். ஒல்லாந்துக்காரனுடைய நெஞ்சும் அப்படிப் பிரிவைத் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். கணக்குப் படித்த மனிதரிடம் அவள் போட்ட கணக்கு அது.

சிங்கப்பூருக்குப் பிறகு ரொட்டர்டாம். தலைமையகம். கடைசியில் முழுக் கம்பெனிக்கும் நிதி இயக்குநர். அந்தத் தடவைகளில் அவர் கேட்கவே இல்லை, அறிவித்தார். கோயிலில் அவளைக் கண்டால் சனம் தள்ளி நின்று வழிவிட்டது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. கண்ணுக்கு மட்டும்தான்.

முதல் பயணத்தன்று மஹதி அவர் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று கத்தினாள். பிள்ளையைப் பிரித்தெடுக்க வேறு வழி தெரியாமல் நிருஜா, "அப்பாக்கு வேலைதான் பெரிசு, என்னம்மா செய்யிறது" என்றாள். அதுக்குள் மார்ட்டனுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். சூட்கேஸின் பிடியில் கை வைத்தபடி அவளைப் பார்த்தார். மகளின் உச்சியில் கொஞ்சிவிட்டு டாக்ஸியில் ஏறினார். அதன் பிறகு மகள் கேட்ட ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைதான் கைக்கு வசதியாக இருந்தது.

இப்போது உண்மையைச் சொன்னால் மகள் எழுந்து வருவாள். நிருஜாவுக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வந்த பிறகு? புருஷன் போன வீட்டில் மிஞ்சியிருப்பது இந்தப் பிள்ளை மட்டும். சொன்னால் இதுவும் போய்விடும்.

"சொல்லுங்கோவன் அம்மா," என்றாள் மஹதி. இப்போது தமிழில். அவளுக்கும் ஒரு பதில் தேவைப்பட்டது என்று அந்தக் குரலில் தெரிந்தது.

"எனக்கு... இப்ப ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை," என்றாள் நிருஜா.

மகள் தலையை ஆட்டினாள். அவள் எதிர்பார்த்ததும் அதுதான் போலிருந்தது.

மண்டபத்தில் சனம் நிரம்பி வழிந்தது. கம்பெனியின் ஆக்லாந்துக் கிளையிலிருந்து வந்தவர், மார்ட்டன் ஏறிய படிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். உத்ரெக்ட், ஆக்லாந்து, சிங்கப்பூர், ரொட்டர்டாம். ஒவ்வொரு ஊருக்கும் பதவி உயர, முன்வரிசைப் பெரியவர்கள் மெச்சித் தலையாட்டினார்கள். "மனுசன் எவ்வளவு உயரத்துக்குப் போனவர்" என்று பின்னால் ஒரு குரல் பெருமூச்சு விட்டது. பெட்டிக்குள் மார்ட்டன், கழுத்து இறுக்காத சட்டையோடு, லீவுக்கு வந்தவர் மாதிரியே படுத்திருந்தார். வாய்க்கரிசி போடும்போது நிருஜாவின் கை தவறி அரிசி காலருக்குள் விழுந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கப் பொறுக்க மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று வாய்க்குள் சொன்னாள். ஆருக்கும் கேட்கவில்லை.

எரியூட்டும் இடத்தில் அறை சின்னது. நெருங்கிய ஆட்கள் மட்டும் உள்ளே வந்தார்கள். சுவரில் உலையை மூட்டுகிற பொத்தான் இருந்தது. ஐயர் மந்திரத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கொள்ளி வைக்கிற பிள்ளை வாங்கோ."

பிருந்தன் அசையாமல் மஹதியைப் பார்த்தான். குலசிங்கம் தங்கையைப் பார்த்தார். நல்ல மனிதர், கடைசி நேரத்திலாவது ஏதும் நடக்கும் என்று காத்துக்கொண்டு நின்றார். மஹதி கைகளைக் கட்டிக்கொண்டு தாயின் தோளோடு ஒட்டி நின்றாள். அவளுடைய மூச்சு நிருஜாவின் கழுத்தில் பட்டது. திரும்பி ஒரு வசனம் சொன்னால் போதும். அப்பா போகமாட்டன் எண்டவர், நான்தான் அனுப்பினனான். அவ்வளவுதான்.

"பிருந்தன், நீ செய் தம்பி," என்றாள் நிருஜா.

"மாமி..." என்று இழுத்தான் அவன்.

"செய் ராசா. மாமா ஒண்டும் நினைக்கமாட்டார்."

பையன் போய்ப் பொத்தானை அழுத்தினான். எங்கோ உள்ளே ஒரு மோட்டார் உறுமத் தொடங்கியது. குலசிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்து தலை தோய்ந்துவிட்டு நிருஜா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கீழே ஆரோ சாப்பாடு கொண்டுவந்து வைக்கிற சத்தம். மஹதி துவாயோடும் சீப்போடும் வந்து தாயின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஈரத்தை ஒற்றியெடுத்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட இப்படிச் செய்ததில்லை.

"நீங்கள் கவலைப்படாதேங்கோ," என்றாள், தமிழைத் தேடித் தேடி. "நான் எங்கயும் போகமாட்டன். அவர் மாதிரி விட்டிட்டுப் போகமாட்டன்."

மகள் துவாயை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

"நீங்கள் தனியத்தானே அம்மா எல்லாம் செய்தனீங்கள்."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஓம்," என்றாள் நிருஜா.

பிடரியில் சிக்கு இருந்தது. நோகாமல் எடுக்க மகள் மெதுவாகச் சீப்பை விட்டாள். நிருஜா தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.