உப்புக்கரை ராணியின் குரல்

அந்த விளையாட்டுல அதிகமா வாயைத் திறக்கறது நான்தான். "அரசே, தானியக் கிடங்கு காலியாகிறது." "அரசே, வடக்கு வாயிலில் தூதுவர் காத்திருக்கிறார்." "அரசே, மக்கள் முணுமுணுக்கிறார்கள்." கம்ப்யூட்டர்ல விளையாடறவன் ஒரு குடிசையும் நாலு ஆடுமா ஆரம்பிச்சு, ஊரைக் கட்டி, படையைச் சேர்த்து, பேரரசு வரைக்கும் போகணும். போற வழியெல்லாம் அவன் காதுல ஓதிக்கிட்டே இருக்கற அமைச்சர் என் குரல். ஆனா அமைச்சருக்கு முகம் கிடையாது. திரை மூலையில ஒரு சுருட்டின ஓலைதான் நான். போதாக்குறைக்கு, அமைச்சர் பேச்சை நிறுத்தறதுக்குன்னே தனியா ஒரு பட்டன் வேற வச்சிருக்காங்க. என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுட்டு, "அந்தப் பட்டன் வீட்டு உபயோகத்துக்கும் கிடைக்குமா?"ங்கறார். நல்லா இருக்கு நியாயம்.

உப்புக்கரை ராணி கதையே வேற. பக்கத்து நாட்டுக்காரி, விளையாடறவனுக்குப் பரம எதிரி. அவ பேசறது கொஞ்சம்தான். ஆனா அவ பேச வந்தா திரை முழுக்க அவ முகம்தான். விளம்பரத்துல அவதான், பெட்டி மேலயும் அவதான். அந்த வேஷத்துக்கு நான் குரல் குடுத்துக் காட்டினேன். இத்தனை வருஷமா நர்ஸு, மாமியாரு, ரயில் அறிவிப்பு, லிஃப்ட்டுல "கதவு மூடுகிறது"ன்னு எல்லாத்துக்கும் குடுத்த தொண்டை இது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சிம்மாசனத்துல உக்காந்து பேசக்கூடாதா?

கிடைச்சது யாருக்கு? என் ஓரகத்திக்கு. என் கொழுந்தன் பொண்டாட்டிக்கு. வீட்டுல அவளுக்குப் பேரு சின்னவ.

அவ இந்தத் தொழிலுக்கே வந்தவ இல்ல. ஒருநாள் நான் வீட்டுச் சாவியை மறந்துட்டு வந்துட்டேன்னு, கொண்டாந்து குடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தா. வந்தவ சாவியைக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? வராண்டாவுல நின்னு போன்ல யார்கிட்டயோ பேசிச் சிரிச்சா. எங்க டப்பிங் டைரக்டர் கதவைத் திறந்து தலையை நீட்டி, "யாருது அந்தக் குரல்?"ன்னார். அவருக்கு நாங்க வச்ச பேரு 'இன்னொண்ணு'. எவ்வளவு நல்லாப் பேசினாலும், "நல்லா இருக்கு, இன்னொண்ணு போலாம்"னுதான் சொல்வார். எனக்காக இத்தனை வருஷத்துல அவர் தலையை நீட்டிப் பார்த்ததே இல்ல. சாவி குடுக்க வந்தவளுக்குச் சிம்மாசனம். எனக்கு ஓலைச்சுருள்.

வயிறு எரிஞ்சுது. எரிஞ்சுதுன்னா எரிஞ்சுதுதான், அதை எதுக்கு மறைக்கணும்? வீட்டுலயும் அவ ஆட்சிதான். மாமனாருக்குப் பொடி எழுத்து தெரியாது, தினம் காலையில பேப்பர் படிச்சுக் காட்டறது என் வேலை. சின்னவ வந்த பின்னாடி அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ படிச்சா எந்த ரயிலோ தாமதமா வருதுங்கற மாதிரியே இருக்கும்மா. அவ படிக்கட்டுமே." அவ படிக்கறா. அதே விலைவாசிச் செய்திதான், அவ வாயில வந்தா கிழவர் கண்ணை மூடித் தலையாட்டறார்.

ராணியோட ஒவ்வொரு வசனத்தையும் மூணு விதமாப் பேசணும். விளையாடறவன் ராணிகிட்ட நட்பா இருந்தா ஒரு குரல், பட்டும் படாம இருந்தா ஒரு குரல், பகைச்சுக்கிட்டா ஒரு குரல். நட்பை சின்னவ ஊதித் தள்ளிட்டா. நடுவுல உள்ளதையும் முடிச்சிட்டா. பகைதான் வரல. வாயில விரலை வச்சாக்கூட கடிக்கத் தெரியாத பொண்ணு அது. "உன் தலைநகரைச் சாம்பலாக்குவேன்"னு அவ சொன்னா, "டீ ஆறிடப் போகுது, குடிச்சிடுங்க"ன்னு சொல்ற மாதிரி இருக்கு.

போன புதன்கிழமை நான் உள்ள நுழையறப்பவே இன்னொண்ணு என்னைத் தனியாக் கூப்பிட்டார். "மேடம், இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள பகை வரலன்னா ராணியை நீங்க பண்ணிடுங்க. நட்புல இருந்து எல்லாத்தையும் உங்க குரல்லயே மாத்திடலாம்"னார்.

பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சு. சந்தோஷத்துல என் முகம் எங்க காட்டிக் குடுத்துடுமோன்னு தண்ணி குடிக்கற மாதிரித் திரும்பிக்கிட்டேன்.

"ஒரே ஒரு உதவி," அவர் விடல. "எதிர் வசனத்தை நீங்க சொல்லுங்க. எதிர்ல ஆள் இருந்து வம்பு இழுத்தா அந்தப் பொண்ணுக்குக் கோபம் வரலாம்."

வருமா? வர விட்டுடுவேனா? நான் ஒரு வேலை பண்ணேன். அன்பா இருந்தேன். ஆமா, அன்பாத்தான். தாங்கித் தாங்கிப் பேசறவங்ககிட்ட யாராலயாவது சண்டை போட முடியுமா? "வா கண்ணு, உக்காரு கண்ணு"ன்னேன். வெந்நீர் ஊத்திக் குடுத்தேன். நாற்காலியில என் துண்டை மடிச்சுப் போட்டேன், முதுகு வலிக்கக் கூடாதாம். கல்யாணமாகி அவ வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அன்னிக்குத்தான் நான் அவளைக் கண்ணுன்னு கூப்பிட்டது. அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு, "தேங்க்ஸ்க்கா"ன்னா. குரல் தழுதழுத்துச்சு. இனிமே இவ எங்க போரை அறிவிக்கப் போறான்னு நெனச்சுக்கிட்டேன்.

சின்ன அறை அது. சுவரெல்லாம் பஞ்சு, நடுவுல ரெண்டு மைக், எதிர்ல கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு. நான் எதிர் வசனம் சொன்னேன், "உன் படையைக் கண்டு நான் அஞ்சவில்லை"ன்னு. சவால் விடற வசனம் அது. நான் அதைத் தாலாட்டு மாதிரிச் சொன்னேன். அவ பதிலுக்கு, "அப்படியானால் போர்க்களத்தில் சந்திப்போம்"னா. கடையில சந்திப்போம்ங்கற மாதிரி இருந்துச்சு.

"இன்னொண்ணு போலாம்."

போனோம். போய்க்கிட்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் நான், "பரவாயில்ல கண்ணு, வரும் கண்ணு"ன்னு முதுகைத் தடவினேன். அவ குரல் வெண்ணெயா உருகிச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குதியாட்டம். ராணிக்கு எப்படி மூச்சு விடணும், எந்த வார்த்தையில நிறுத்தணும்னுகூட யோசிக்க ஆரம்பிச்சிட்டேன்.

மத்தியானம் டீ வந்துச்சு. அத்தோட விட்டிருந்தா நான் இன்னிக்கு ராணி. ஆனா இன்னொண்ணு சலிச்சுப் போய், "மேடம், போரை அறிவிக்கற அந்தப் பெரிய வசனத்தை நீங்க ஒரு தடவை பேசிக் காட்டுங்களேன். அந்தப் பொண்ணு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து கேக்கட்டும்"னார்.

முடியாதுன்னு சொல்லியிருக்கணும். தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லியிருந்தா யாரு டார்ச் அடிச்சுப் பார்க்கப் போறா? ஆனா எத்தனை நாளா அந்த வசனத்தைக் குளியலறையில சொல்லிப் பார்த்திருக்கேன்! மைக் முன்னாடி, அவ கேக்க, அவளுக்குக் காட்டற மாதிரி ஒரு வாய்ப்பு. விடுவேனா?

நின்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவ, கையில வசனத் தாள், ஒவ்வொரு வரியா விரலை நகர்த்திக்கிட்டே கேக்கறா. நான் அவ முகத்தைப் பார்த்தேன். அடக்கி வச்சதெல்லாம் கொதிச்சுக் கிளம்பிச்சு.

"என் வாசலுக்கு வந்தாய், இடம் கொடுத்தேன். என் கிணற்றில் நீர் கேட்டாய், இறைத்துக் கொடுத்தேன். இன்று என் அரியணையையே அளக்க வந்தாயா? இனி உனக்கும் எனக்கும் நடுவே வாள்தான் பேசும்!"

வசனம் அங்க முடிஞ்சுது. நான்தான் முடிக்கல.

"கதவுக்கு வெளியே நின்றவள் நீ! அங்கேயே நின்றிருக்கலாம். உன் சிரிப்பைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது!"

அப்பா! என்ன ஒரு குரல்! எனக்கே மயிர் கூச்செறிஞ்சுது. இன்னொண்ணு எழுந்து நின்னுட்டார். சின்னவளோட விரல் தாள்ல கடைசி வரியில நின்னுது. அவ தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தா. அங்க ஒண்ணும் இல்ல. மறுபடி முன்பக்கம் பார்த்தா. அப்புறம் மெதுவா நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"அருமை மேடம்!" இன்னொண்ணு மைக்ல கத்தினார். "தாள்ல இல்லாதது அது, இருந்தாலும் அந்தக் கடைசி ரெண்டு வரி இருக்கட்டும். கதை எழுதறவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். எழுதிக்கம்மா, அதையும் சேர்த்துப் பேசணும். கடைசியா ஒரு தடவை முயற்சி பண்ணு."

சின்னவ எழுதிக்கல. கதவைத் திறந்து உள்ள வந்தா. நான் வழக்கம் போல, "வெந்நீர் வேணுமா கண்ணு?"ன்னேன். அவ நாற்காலியில இருந்த என் துண்டை எடுத்து என் கையில குடுத்துட்டு, நின்னுக்கிட்டே மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்தா.

"என் வாசலுக்கு வந்தாய், இடம் கொடுத்தேன்."

அவ கத்தல. என்னை மாதிரி ஒரு சத்தமும் போடல. அமைதியா, கண்ணு என் மேலேயே இருக்க, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சா. எனக்குத் தெரிஞ்ச அதே தேன் குரல்தான். ஆனா உள்ள இவ்வளவு காரம் எங்க இருந்துச்சு? "வாள்தான் பேசும்"னப்ப நான் ஓரடி பின்னாடி நகர்ந்துட்டேன். "கதவுக்கு வெளியே நின்றவள் நீ"ன்னு நான் பெத்துப் போட்ட வரியை என்கிட்டயே திருப்பிச் சொன்னா. நான் சொன்னதை விட நல்லாச் சொன்னா. அதுதான் தாங்க முடியல. திட்டினதுகூடப் பெரிசில்ல, நல்லாத் திட்டினா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இன்னொண்ணு, "போதும்"னார். அந்த வார்த்தையை அவர் வாயில நான் கேட்டதே இல்ல. "போதும்மா, இதுக்கு மேல வேண்டாம்."

மிச்ச பகை வசனம் எல்லாத்தையும் அவ ஒரே மூச்சுல முடிச்சா. "உன் தலைநகரைச் சாம்பலாக்குவேன்"னு அவ சொன்னப்ப நான் நெஜமாவே பயந்தேன். இன்னொண்ணு என்னைத் தாண்டிப் போறப்ப கையைக் குலுக்கி, "எல்லாம் உங்களாலதான் மேடம், எப்படியோ வம்பு இழுத்துட்டீங்க"ன்னார். நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. நுணலாவது பரவாயில்ல, இருட்டுல கத்திச்சு. நான் மைக் வச்சுக் கத்தினேன்.

சின்னவ வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தா. ஒரே வீட்டுக்குத்தானே ரெண்டு பேரும் போகணும்? ஒரே பஸ், ஒரே அடுப்பு. எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, "நல்லாப் பண்ண"ன்னேன். வாய் கசந்துச்சு.

"காலையில உங்களுக்கு முன்னாடியே வந்துட்டேன்," அவ நிமிரல. "எனக்கு இது வரல சார், அக்காவுக்குக் குடுத்துடுங்க, அவங்கதான் இதுக்கு ஆசைப்பட்டாங்கன்னு சார்கிட்ட சொன்னேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் முயற்சி பண்ணு, வரலன்னா அவங்களுக்கே குடுத்துடறேன்னார்."

எனக்கு ஒரு கையில பை, ஒரு கையில அந்தத் துண்டு. எதைச் சொல்லி எதை மறைக்கறது?

"நீங்க கண்ணுன்னு கூப்பிட்டீங்களா, எனக்கு அழுகையே வந்துடுச்சு. சார் உங்ககிட்ட சொல்லிட்டார் போல, அதான் அக்கா சந்தோஷமா இருக்காங்கன்னு நெனச்சேன். சீக்கிரம் சாயங்காலம் ஆகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"அடியே, நான் ஏதோ வேஷத்துக்காக அப்படி..."

"தாள்ல இல்லக்கா அது."

வாயை வச்சே பொழைக்கறவ நான். என்னத்தையோ நெனச்சு, வெக்கத்தை விட்டுக் கேட்டேன். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலையே. உனக்கு இஷ்டமில்லன்னா சார்கிட்ட நாளைக்குச் சொல்லலாமே?"

அவ நிமிர்ந்தா. கண்ணு செவந்திருந்துச்சு, ஆனா குரல்ல ஈரம் இல்ல.

"இப்ப குடுக்க மாட்டேன்."

இதையும் ஒரே டேக்ல சொன்னா, பாவி.