இருபத்திரண்டு லாரிகளும் செனட்டர் வாஸ்மரும்

1.

அக்டோபர் 14, செவ்வாய். ஒரு சிறு தவறு. இருபத்திரண்டு லாரிக்காரர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டதாக நோட்டில் எழுதியிருக்கிறேன். உண்மையில் முதல் பதினொரு பேரிடம், "செனட்டர் வாஸ்மருக்கு ஓட்டுப் போடுவீங்களா?" என்று கேட்டேன். மழைக்காக இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியபோது, "அவரு கட்சியோட அதிபர் வேட்பாளரா வருவாரா?" என்று கேட்டுவிட்டேன்.

(இந்தக் கதை அந்தத் தவறிலிருந்து வந்தது. மாலை வகுப்பில் கேட்டது கதையே அல்ல. மூன்றாண்டு கழித்து வரும் அதிபர் தேர்தலில் வாஸ்மருக்கு உள்ள வாய்ப்பைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை. தன்னைப் பற்றி எழுதும்போது தள்ளி நின்று எழுத வேண்டும் என்பது வகுப்பு விதி. ஆகவே இனி நான் இல்லை; மாரிட் என்றொரு பெண்.)

2.

அயோவாவின் சோள வயல்களுக்கு மேல் சூரியன்

வேண்டாம். வகுப்பில் நான்கு பேர் இப்படித்தான் தொடங்கினார்கள்.

மாரிட் தானியக் கிடங்கில் வேலை செய்கிறாள். சோள லாரி வந்ததும் ஆள் உயரக் குத்தூசியை ஐந்து இடங்களில் இறக்கி மாதிரி எடுப்பாள். மேலாக அள்ளினால் ஈரம் தெரியாது.[1] அதே கவனத்தோடு லாரிக்காரர்களிடம் வாஸ்மரைப் பற்றியும் கேட்டாள்.

[1] நனைந்ததை அடியில் போட்டுக் காய்ந்ததை மேலே பரப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு. பெயர் எழுதமாட்டேன். எழுதமாட்டாள்.

3.

ஓட்டுப் போடுவோம் என்றவர்கள் பதினொன்றில் எட்டுப் பேர். வேட்பாளராக வருவார் என்றவர்கள் பதினொன்றில் இரண்டே பேர்.

அந்த இரண்டில் ஒருவர், "வந்துருவாரு பொண்ணு. அதான் பயமா இருக்கு," என்றார்.

ஓஸ்டர்கார்டு என்ற கிழவர் எதிர்ப்பக்கம். "எங்க வர விடுவாங்க? எனக்குப் பிடிச்ச ஒரே ஆளு அவருதான். ஆனா ஜெயிக்க மாட்டாரு. அதனால நான் போட மாட்டேன்."

"நீங்க போட்டா ஜெயிப்பாரே?"

"நான் ஒருத்தன் போட்டா? சோளத்த அளம்மா, என்னை அளக்காத."

ஆகவே வாஸ்மரின் வாய்ப்பு என்பது

(இந்த வாக்கியத்தை ஆறு முறை தொடங்கிவிட்டாள்.)

4.

கர்ட் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். கட்டுரைக்குத் தேவையில்லாதவன், ஆனால் கட்டுரைக்காகக் காத்திருப்பவன் அவன் ஒருவன்தான். மாரிட்டின் அண்ணன், இறைச்சி ஆலையில் மெக்கானிக். ஆறு மாவட்டங்களில் ஆள் திரட்ட வாஸ்மரின் குழு அவனைக் கூப்பிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலையில் மருத்துவக் காப்பீடு கிடையாது. ஏழு வயது மகள் ட்ரினாவுக்கு இன்சுலின் வருவது ஆலையின் காப்பீட்டில்தான். வாஸ்மரின் கூட்டங்களில் அதிகம் கைதட்டல் வாங்குவதும் இன்சுலின் விலையைப் பற்றிய பேச்சுதான். கர்ட் எழுந்து நின்று தட்டுவான்.

ஞாயிறு மதியம் அவன் வீட்டில்:

"என்ன புரொபசரம்மா, உன் கணக்கு என்ன சொல்லுது?"

"கேலி பண்ணாதண்ணா. கேள்வியே குழம்பிப் போச்சு."

"ஒரு சதவீதம் சொல்லு, போதும். நாப்பதுன்னா போயிருவேன்."

"முப்பத்தொம்போதுன்னா?"

கர்ட் சிரித்தான். "அதுக்கும் போவேன்."

அவன் மனைவி லேனா தட்டுத் துடைப்பதை நிறுத்தினாள். "அப்புறம் எதுக்கு அவளக் கேக்குற?"

கர்ட் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். தொப்பியில் வாஸ்மரின் பெயர் இருந்தது.

5.

முடிவுகள்:

அ) கர்ட் போகிறான். வாஸ்மர் உட்கட்சித் தேர்தலின் முதல் மாநிலத்திலேயே தோற்கிறார்.

ஆ) கர்ட் போகவில்லை. வாஸ்மர் வேட்பாளராகிறார். ஆலையின் ஓய்வறைத் தொலைக்காட்சியில் கர்ட் அதைப் பார்க்கிறான், கைதட்டவில்லை.

இ) கர்ட் போகிறான், வாஸ்மரும் வேட்பாளராகிறார், இன்சுலின் விலை

(முடிக்க முடியவில்லை. கர்ட் போகும் முடிவுகள் இரண்டிலும், வாஸ்மர் தோற்றாலும் ஜெயித்தாலும், ட்ரினாவின் மருந்து அதற்கு வெகுகாலம் முன்பே தீர்ந்துவிடுகிறது. சதவீதத்தை எங்கே வைத்தாலும் தீர்ந்துவிடுகிறது.)

பட்டியலை மறுபடி சரிபார்த்தேன். இருபத்திரண்டு பெயர்களில் கர்ட் இல்லை. அவனிடம் எந்தக் கேள்வியையும் நான் கேட்கவில்லை. தொப்பியைப் பார்த்தேன், தெரிந்துவிட்டதாக நினைத்தேன். மேலாக அள்ளியிருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வரை அழிக்கலாம்.

நாளை, புதன்: காலை ஆறரை. கர்ட் ஆலைக்குக் கிளம்பும் முன் இரண்டு கேள்விகளையும் கேட்பது. பிறகு குளிர்பெட்டியைத் திறந்து, ட்ரினாவின் மருந்துக் குப்பிகள் எத்தனை இருக்கின்றன என்று அவனையே எண்ணச் சொல்வது.