பத்து மணிக்கு நிற்காத தண்ணீர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கோலா சிலாங்கூரில் எங்கள் மலிவு விலை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். போன வருடம், 1985-இல், அந்த வீட்டுக்குச் சன்னாசி அண்ணனும் அவர் மனைவி அன்னம்மா அக்காவும் செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தார்கள். வந்த ஐந்தாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, அண்ணன் தானே குழாய் ரிப்பேர் செய்தார்.

நகைச்சுவைக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இது:

"சன்னாசிக்குத் தெரியாத வேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது தனக்கு ஒரு வேலை தெரியாது என்று ஒப்புக்கொள்—"

அதற்கு மேல் ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். [அதற்குள் மனம் மாறக் கூடாது.]

2

அடுக்களைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இரும்புக்கடையில ஆள் இருக்காம். கூப்பிட்டா வந்து பாப்பான்ல?" என்றார் அக்கா.

"தோட்டத்து மில்லுல எத்தன பைப்பு பாத்தவன் நான்! ஒரு வாஷர்லா. ரப்பர் துண்டு. இதுக்கு ஒரு ஆளா? நீ மார்க்கெட்டுக்குப் போயிட்டு வா."

"சரி, பத்து மணி ஆவட்டும். அதுக்கு முன்ன கை வச்சிறாதீங்க."

"அதுகூடவா தெரியாது எனக்கு?"

(இந்தப் பேச்சை நான் கற்பனை செய்யவில்லை. சுவர் அவ்வளவு மெல்லியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

அது என்ன பத்து மணி? தோட்டத்தில் காலை ஐந்துக்குத் தண்ணீர் திறப்பார்கள், பத்துக்கு நிறுத்துவார்கள். இருவரும் பிறந்ததிலிருந்து அப்படித்தான். பத்து மணிக்குள் தண்ணீர் பிடிக்கும் தோம்பு நிரம்ப வேண்டும். குழாயில் ஏதாவது வேலை என்றால் பத்துக்கு மேல் கழற்ற வேண்டும். புது வீட்டிலும் நாலு நாளாகப் பத்துக்குள் பிடித்து வைத்துவிட்டுக் குழாயைத் தொடாமல் இருந்தார்கள். பட்டணத்துத் தண்ணீர் நிற்காது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

திறந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். பத்து மணிக்கு மேல் குழாயைத் திறந்து பார்ப்பவனைத் தோட்டத்தில் பைத்தியம் என்பார்கள். சொட்டியது, குழாயில் தங்கிய மிச்சம் என்று நினைத்துவிட்டார்.

3

கதையில் ஒரு தாள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போக முடியாது.

அக்காவிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. அடையாள அட்டை சிவப்பு. பிறந்த மண்ணிலேயே அந்நியர். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை ஒன்று காத்திருந்தது, நீல அட்டை, அதாவது மலேசியக் குடியுரிமை, இருந்தால் தருவார்கள். அவர் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்பதற்கு ஒரே அத்தாட்சி, தோட்ட அலுவலகத்துப் பழைய கிராணி மைப் பேனாவால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த ஒரு தாள். கிராணி இறந்துவிட்டார். அலுவலகத்துப் பேரேட்டைக் கரையான் தின்றுவிட்டது.

திங்கட்கிழமை பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். நல்லபடியாக முடியட்டும் என்று தாளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அடுக்களை மூலையில் தரையோடு இருந்த சாமி படத்தின் காலடியில் வைத்திருந்தார் அக்கா.

[கதாசிரியன் வசதிக்காகத் தாளை அங்கே வைத்தேன் என்று நினைக்காதீர்கள். என் கையில் இருந்திருந்தால் பரண்மேல் வைத்திருப்பேன்.]

4

பத்து ஐந்துக்கு அண்ணன் குழாயைக் கழற்றினார்.

தண்ணீர் சீறி எதிர் மூலைக்குப் பாய்ந்தது. சாமி படம் சாய்ந்தது. அண்ணன் கட்டைவிரலால் குழாய் வாயை அடைத்தார். விரல் சந்தில் பீறிட்டு முகத்தில் அடித்தது. தாள் மூன்று எட்டுத் தூரத்தில் இருந்தது. விரலை எடுத்தால் தண்ணீர் நேரே தாளின் மேல் பாயும். எடுக்காவிட்டால், ஒழுகுவது தரையில் பரவிப் பரவித் தாளுக்குப் போய்ச் சேரும்.

அவர் எடுக்கவில்லை. இதோ நின்றுவிடும், இன்றைக்குப் பம்ப்பை நிறுத்தக் கொஞ்சம் பிந்திவிட்டார்கள் என்று நினைத்தாராம். நாற்பத்தாறு வயதுவரை நிற்காத தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை.

"உமாபதி தம்பி! தண்ணி! தண்ணி நிக்கல தம்பி!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார்.

நாற்பது நிமிடம் அப்படியே நின்றார்.

5

உமாபதி நான்தான்.

நான் வீட்டில் இருந்தேன். பத்திரிகையின் ஞாயிறு பதிப்பு நடத்திய போட்டிக்குச் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இல்லாமல் தவிக்கும் ஒரு தோட்டக் குடும்பத்தின் கதை. சொன்னால் நம்பமாட்டீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் "தண்ணி! தண்ணி!" என்று குரல் கேட்டதும் 'அடடா, என்ன உயிர்!' என்று நினைத்து, என் கதாநாயகன் வாயில் அதை அப்படியே போட்டேன்.

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. இந்தப் பத்தியை முடித்துவிட்டுப் போகலாம் என்று—

பத்தி நீண்டுவிட்டது.

போனபோது மணி பத்தே முக்கால். வாசலில் மீட்டருக்குப் பக்கத்தில், வீட்டுத் தண்ணீர் முழுவதையும் அடைக்கும் மெயின் பைப்பு இருக்கிறது. ஒரு திருகு. நின்றுவிட்டது. அவ்வளவுதான் வேலை.

குங்குமம் கரைந்து தாள் முழுக்கச் சிவந்திருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. அண்ணன் கட்டைவிரலை நீட்டியபடியே நின்றார். மடக்க வரவில்லை. மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அக்கா கூடையை ஈரத்திலேயே வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல வேள, சத்தம் கேட்டவொடன ஓடியாந்தீங்க தம்பி. இல்லன்னா வீடே போயிருக்கும்."

நான் தலையாட்டினேன்.

என் கதைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. அந்தக் கூப்பாடு தத்ரூபமாக இருந்ததாக நடுவர் எழுதியிருந்தார்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அதிகாரி காய்ந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். முத்திரையின் தழும்பு தெரிகிறது. அவர் புன்னகை செய்— பொய்.

(ஆ) கலும்பாங் ஊரிலிருந்து, அக்காவுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி வந்து சாட்சி— அப்படி யாரும் உயிரோடு இல்லை.

(இ) நடந்தது: அக்கா சிவப்பு அட்டையோடு போனார், சிவப்பு அட்டையோடு வந்தார். பள்ளிக்கூட வேலை வேறொருவருக்குப் போனது. அண்ணன் இன்றுவரை தன் கைதான் காரணம் என்கிறார். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புகிறார், ஓடிவந்த பிள்ளை என்று. தின்கிறேன். பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புகிறேன்.

7

ஞாயிறுதோறும் அண்ணன் பத்திரிகையை உரக்க வாசிப்பார், அக்கா கேட்பார். எனக்கு எல்லாம் இங்கே கேட்கும். இந்தக் கதை அச்சானால் அந்தக் குரலில்தான் வரும். பெயர்களை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. முடிவை நான் எழுதப் போவதில்லை. அது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அண்ணே, நிறுத்தாமல் வாசியுங்கள். அக்கா, முதல் கூப்பாடே எனக்குக் கேட்டது.

நான் இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். கையில் பேனா இல்லை. கூப்பிடுங்கள்.