நீதிபதியின் வாழ்நாள் சான்று

ஓய்வுபெற்ற சார்பு நீதிபதி ரத்தினசாமி 2003 சித்திரையில் கண்ணுக்குத் தெரியாமல் போனார். விருதுநகரில் அந்த மாதம் வெயிலும் சற்று அதிகம்தான். முதலில் விரல்கள், பிறகு கால்கள், கடைசியில் முகமும் மூக்குக் கண்ணாடியும். உடுத்திய வேட்டிகூட மிஞ்சவில்லை. குரல் மட்டும் பழைய கண்டிப்போடு வீட்டுக்குள் நடமாடியது. அவர் ஓய்வுபெற்ற காலத்தில் நீதிபதிகளின் ஓய்வூதியம் வாடகைக்கும் மளிகைக்குமே சரியாகப் போனது. நீதிபதிகளுக்கென்று தனி ஊதியக் குழு வந்து அதை உயர்த்திய பிறகுதான் மனைவி ஆவுடைத்தாய்க்கு மதுரையில் வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய முடிந்தது. நேரம் பார்த்து மனுஷர் மறைந்துவிட்டார்!

ஜூனில் கருவூலத்தில் நேர்காணல். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை எழுத்தர் நேரில் பார்த்து எழுதவேண்டும்; இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும். ஆவுடைத்தாய் புருஷனைக் கூட்டிப்போய் உட்காரவைத்த நாற்காலியை எழுத்தர் சீனிவாசகம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சத்தத்துக்குப் பென்ஷன் போட ரூல் கிடையாது சார்," என்றார். குடும்ப ஓய்வூதியம் கேட்கலாமென்றால் அதற்கு இறப்புச் சான்று வேண்டும். மனுஷர் சாகவும் இல்லையே. இரண்டு வாரம் டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை நினைத்து ஆவுடைத்தாய் எழுத்தரிடம் கெஞ்சினாள். ரத்தினசாமி சட்டப்பிரிவுகளைச் சொல்லிக் கத்தினார்.

அந்தக் கத்தல், விதவை உதவித்தொகைக்கு மனு எழுத வராந்தாவில் உட்கார்ந்திருந்த விஸ்வநத்தம் ஊர்ப் பாண்டிலட்சுமியின் காதில் விழுந்தது. பட்டாசு வேலையிலிருந்து நேரே வந்தவள்; கை இரண்டிலும் அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாக மின்னியது. எழுந்து உள்ளே வந்தாள்.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்க கேசத் தள்ளுன ஐயால்ல இது!"

பதினேழு வருடத்துக்கு முன் அவள் புருஷன் கோட்டைச்சாமி பட்டாசு கம்பெனி வெடிவிபத்தில் செத்தான். சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லை, அப்படியொருவர் அங்கே வேலை பார்த்ததற்குச் சான்றே இல்லை என்று அவளுடைய நஷ்டஈட்டு வழக்கைத் தள்ளியவர் ரத்தினசாமி.  ஆவுடைத்தாய் பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பாண்டிலட்சுமி நாற்காலியை நெருங்கினாள். பிறகு காற்றில் கைவைத்துத் தடவினாள். பொடி படிந்து நெற்றி வந்தது, மூக்கு வந்தது, நனைந்த கன்னம் வந்தது.

"இருந்த ஆள இல்லேன்னு சொல்லப்படாதுய்யா. இந்தா இருக்காக, நல்லாப் பாத்துக்கோங்க."

சீனிவாசகம் பார்த்ததாக எழுதினார். சாட்சிக்கு அவள் பெருவிரல் வைத்தாள். அவளுடைய விவரத்தை ரத்தினசாமியே கேட்டு வாங்கி எழுதினார்: 'பாண்டிலட்சுமி, கணவர் பெயர் கோட்டைச்சாமி, பட்டாசு கம்பெனித் தொழிலாளி, பணியின்போது இறந்தவர்.' கோட்டைச்சாமி வேலை பார்த்தது அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அன்றுதான்.

அதன்பின் ஒவ்வொரு ஜூனிலும் பாண்டிலட்சுமி கை கழுவாமல் வந்தாள். சீனிவாசகம் மேசையில் முகம் துடைக்க ஒரு ஈரத்துணி வைத்துக்கொண்டார். சாட்சியின் பெயர் மட்டும் போதுமே சார் என்று ஒரு வருடம் சொல்லிப் பார்த்தார். வெள்ளி முகம் நிமிரவில்லை. கோட்டைச்சாமி இறந்தது வரை முழுவதையும் எழுதி முடித்தது.