சைரன் முந்தியா, தண்ணீர் முந்தியா

தெரணியகலைக்கு மேலே, ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்கும் சின்னப் பவர் ஹவுஸ் ஒன்றில் ரோஷானிக்கு டெக்னீஷியன் வேலை. பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இரத்தினபுரியில் டிப்ளோமா முடித்தவள். பவர் ஹவுஸில் இருந்த கருவிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தை வைக்கும்படி அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

நேரம் வைக்கும் இந்த வேலை வந்ததே மேர்சியால்தான். ரப்பர் பால் வெட்டும் மேர்சி ஆற்றில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தபோது அணையின் கேட் திறந்தது. வெள்ளம் அவரை இழுத்துப்போய்ப் பாறையில் அடித்து, கால் முறிந்தது. சைரன் ஊதி, ஆட்கள் கரையேறிய பிறகுதான் கேட் திறக்க வேண்டும். "தண்ணி வந்த பொறகுதான் ஊதுச்சு" என்றார் மேர்சி. கேட் பெட்டியும் சைரன் பெட்டியும் பதிந்திருந்த நேரங்களைப் பார்த்த கம்பனியோ, சைரன்தான் முந்தியது என்றது. இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனிக் கடிகாரம். இனிமேலாவது ஒன்றாக ஓடட்டும் என்று ஒரு தலைமைக் கடிகாரத்தை அனுப்பிவைத்தார்கள்.

அது செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை வாங்கி, நெட்வேர்க் கேபிள் வழியாக மற்றப் பெட்டிகளுக்குக் கொடுக்கும். ரோஷானி எல்லாவற்றையும் இணைத்தாள். பச்சை விளக்குகள் எரிந்தன. ஆனால் சைரன் பெட்டி மட்டும் மற்றவற்றைவிட முப்பத்தேழு விநாடி முன்னால் ஓடியது. கேபிளை மாற்றினாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். அதே முப்பத்தேழு. விளக்கோ பச்சையாகவே இருந்தது. சரி என்று சொல்லிக்கொண்டே பிழையாக ஓடும் கடிகாரத்தை என்னவென்று எடுப்பது?

என்ஜினியர் சிவம் யாழ்ப்பாணத்துக்காரர். போனில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது பிழையில்லை, பிள்ளை. தலைமைக் கடிகாரம் அனுப்பிறது அணுக்கடிகார நேரம். எங்கட மணிக்கூட்டு நேரம் அதைவிட முப்பத்தேழு விநாடி பிந்தித்தான் ஓடுது. அதைக் கழிக்கச் சொல்லி அந்தப் பெட்டியில ஒரு செற்றிங் இருக்கும், பாரும்."

இருந்தது. மாற்றியதும் எல்லாம் ஒன்றாயின. அப்போதுதான் சிவம் கேட்டார்: "தலைமைக் கடிகாரத்தோட இணைக்க முந்தி அந்தப் பெட்டியில என்ன நேரம் இருந்தது? குறிச்சு வச்சனீரோ?"

பெட்டியின் பழைய நேரம் பிழை என்று பார்த்தது ரோஷானிக்கு நினைவிருந்தது. முந்தி ஓடியதா பிந்தி ஓடியதா? எவ்வளவு? சைரன் பெட்டி கேட் பெட்டியைவிடப் பிந்தி ஓடியிருந்தால், பிறகு ஊதியதையும் முன்பே ஊதியதாகப் பதிந்திருக்கும். மேர்சி சொன்னது உண்மையாகிவிடும். முந்தி ஓடியிருந்தால் பொய்யாகிவிடும். அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை அவளே சரிப்படுத்தி அழித்துவிட்டாள்.

"இல்லீங்க சேர்... குறிக்கல."

மறுநாள் சிவமே வந்தார். கேட்டைக் கவனிக்கும் இராயப்பனை ஆற்றங்கரையில் ஆள் வராமல் காவல் நிறுத்திவிட்டு, கேட்டைத் திறந்து பார்த்தார்கள். சைரன் முந்தியது. மறுபடி திறந்தார்கள். மறுபடியும் சைரன்தான். மூன்றாவது தடவை கேட் அசைந்து, தண்ணீர் பாய்ந்த பிறகு சைரன் ஊதியது. சைரனுக்குக் கட்டளை ரேடியோ வழியாகப் போவதால் சில வேளை சுணங்குகிறது, அதற்குக் காத்திராமல் கேட் திறந்துவிடுகிறது என்றார் சிவம். சைரன் ஊதியது உறுதியாகும்வரை கேட் அசையாதபடி அன்றே மாற்றினார்கள். விசாரணையை மறுபடி நடத்தும்படி கம்பனிக்கும் எழுதினார்.

பொழுது சாய்கிற நேரம் ரோஷானி மேர்சியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி, அப்ப அன்னைக்கி எதுதான் முந்தி?" என்றார் மேர்சி, கட்டுப்போட்ட காலை நகர்த்தி.

"தெரியலக்கா. சத்தியமா தெரியல. மூணுல ஒண்ணு அப்புடி ஆகுது. அன்னைக்கி எப்புடின்னு காட்ட இப்ப ஒண்ணுமில்ல. நான்தான்..."

"ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆத்துல நின்னது நானு."

கோபமா, ஆறுதலா என்று அந்தக் குரலில் பிடிபடவில்லை. உட்காரச் சொல்கிறாரா, போகச் சொல்கிறாரா என்பதும் விளங்காமல், ரோஷானி வாசலிலேயே நின்றாள்.